நல்ல உணவு எதன் இடத்தில் வந்தது?

தலைநகர் தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் சமையலறைகள் கடந்த சில ஆண்டுகளில் வெகுவாக மாறியிருக்கின்றன. வெள்ளைச் சர்க்கரை இருந்த டப்பாவில் இன்று நாட்டுச் சர்க்கரை இருக்கிறது. ஊரிலிருந்து வரும் உறவினர்கள் மரச்செக்கு நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் கொண்டுவருகிறார்கள். காரி பாவ்லி கடைவீதியில் வாங்கிய பாதாமும் அக்ரூட்டும் பேரீச்சம்பழமும் அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் கேழ்வரகு, தினை, சாமை ஆகியவற்றுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. புட்டிப் பானங்களும் பொட்டலத் தின்பண்டங்களும் வீட்டுக்குள் வருவது குறைந்திருக்கிறது. இவை அனைத்தும் வரவேற்கத்தக்க மாற்றங்களே.

ஆனால் எடைப்பொறியில் ஏறி நிற்கும்போது பலருக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. எடை குறையவில்லை, சிலருக்குக் கூடியும் இருக்கிறது. “நல்லதைத்தானே சாப்பிடுகிறோம், பிறகு ஏன் எடை ஏறுகிறது?” என்ற கேள்வி அங்கே எழுகிறது. இந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடைக்காதபோது மனிதர்கள் இரண்டு தவறான வழிகளில் ஒன்றை நாடுகிறார்கள். ஒரு சாரார், உணவு முறையால் பயனில்லை என்று சலித்துப் பழைய பழக்கத்துக்கே திரும்புகிறார்கள். மற்றொரு சாரார், இன்னும் விலையுயர்ந்த விதை, மாவு, பானம் எதையாவது வாங்கிப் பட்டியலில் சேர்க்கிறார்கள். முதல் வழியில் உடல்நலம் கெடுகிறது. இரண்டாவது வழியில் பணமும் சேர்ந்து கரைகிறது.

இயற்கையான, சத்துள்ள, பதப்படுத்தாத உணவை உண்டாலும் எடை கூடுமா என்றால், கூடும் என்பதே நம் விடை. உணவு நல்லதா என்பது அதன் தன்மையைப் பற்றிய கேள்வி. எடை ஏறுமா என்பது அளவைப் பற்றிய கேள்வி. முதல் கேள்விக்கான விடையை இரண்டாவது கேள்விக்கும் விடையாக எடுத்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. ஒவ்வொரு நல்ல உணவைப் பற்றியும் நாம் கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி ஒன்றும் உண்டு: நம் தட்டில் இது எதன் இடத்தில் வந்தது?

தலைநகரின் நிலை

இது ஒரு சிலரின் அழகுக் கவலை என்று ஒதுக்கிவிட இயலாது. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தில்லியில் பெண்களில் 41.3 சதவீதத்தினரும் ஆண்களில் 38 சதவீதத்தினரும் மிகை எடை அல்லது உடற்பருமன் கொண்டவர்கள். தமிழ்நாட்டில் இந்த விகிதம் பெண்களிடம் 40.4 சதவீதம், ஆண்களிடம் 37 சதவீதம். நாடு முழுவதற்குமான விகிதமோ பெண்களிடம் 24, ஆண்களிடம் ஏறக்குறைய 23 சதவீதம்தான். மத்திய அரசின் 2023-24 பொருளாதார ஆய்வறிக்கையே இந்த மாநில விவரங்களை எடுத்துக்காட்டிக் கவலை தெரிவித்தது. தில்லியில் வாழும் தமிழர்களுக்குப் பிறந்த மண்ணும் பிழைக்க வந்த மண்ணும் இந்த வகையில் ஒன்றுபோலவே அமைந்திருக்கின்றன.

மேற்கண்ட கணக்கெடுப்பு, உடல் நிறை குறியீட்டெண் 25-ஐ எட்டியவர்களையே மிகை எடை கொண்டவர்களாகக் கொள்கிறது. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது இந்த எண். இந்தியர்களின் உடலில், அதே குறியீட்டெண் கொண்ட ஐரோப்பியர்களைவிடக் கொழுப்பின் பங்கு அதிகம்; அதுவும் வயிற்றைச் சுற்றியே சேர்கிறது. ஆகவே நம்மவருக்கு 23-லேயே எச்சரிக்கை தொடங்க வேண்டும் என்று மருத்துவர்கள் நெடுநாளாகக் கூறிவருகிறார்கள். தில்லி எய்ம்ஸ் மருத்துவர்களும் பங்கேற்று 2025 ஜனவரியில் வெளியான புதிய வரையறை, 23-க்கு மேற்பட்ட நிலையையே உடற்பருமனின் முதல் கட்டமாகக் கொள்கிறது. இடுப்புச் சுற்றளவுக்கும் அளவுகோல் உண்டு: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்.

இதற்குத் தில்லி மண்ணிலேயே நடந்த ஓர் ஆய்வு சான்றாக நிற்கிறது. 1969-இல் தொடங்கித் தெற்கு தில்லியில் பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் மருத்துவர்கள் தொடர்ந்து அளந்துவந்தார்கள். அவர்களில் சுமார் 1,500 பேரை 26 முதல் 32 வயதில் மீண்டும் பரிசோதித்த முடிவுகள் 2004-இல் வெளியாயின. இளம் வயதிலேயே நீரிழிவோ அதன் முன்நிலையோ கண்டவர்கள், பெரும்பாலும் இரண்டு வயதுவரை மெலிந்திருந்து, பிறகு சீராக எடை கூடியவர்களாக இருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூடப் பன்னிரண்டு வயதில் பருமனான குழந்தையாக இருக்கவில்லை. பார்வைக்குக் குண்டாகத் தெரியாத உடலிலும் மெல்ல ஏறும் எடை தீங்கு செய்யக்கூடும் என்பதே இதன் பாடம். “கொஞ்சம்தானே ஏறியிருக்கிறது” என்ற ஆறுதல் நமக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

சேர்த்தலும் மாற்றுதலும்

இனி, கணக்கைப் பார்ப்போம். கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி தருகிறது. மாவுச்சத்தும் புரதமும் ஒரு கிராமுக்கு 4 கலோரி தருகின்றன. அந்தக் கொழுப்பு செக்கில் ஆட்டியதா, ஆலையில் பிழிந்ததா, வீட்டில் உருக்கிய நெய்யா என்று உடல் பிரித்துப் பார்ப்பதில்லை. தன்மையில் வேறுபாடு உண்டு, கலோரியில் இல்லை.

உடல்நலத்துக்காகவென்று ஒருவர் தம் அன்றாட உணவில் புதிதாகச் சேர்ப்பவற்றை எண்ணிப் பார்க்கலாம். மாலையில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 30 கிராம்: சுமார் 170 கலோரி. சாதத்திலும் சப்பாத்தியிலுமாக இரண்டு தேக்கரண்டி நெய்: 90 கலோரி. மூன்று நான்கு பேரீச்சம்பழம், 30 கிராம்: 90 கலோரி. இரவு படுக்கும்முன் ஒரு டம்ளர் கொழுப்பு நீக்காத பால், 200 மில்லிலிட்டர்: 175 கலோரி. ஒவ்வொன்றும் சத்துள்ளது, எதையும் குறைசொல்ல முடியாது. ஆனால் நான்கையும் கூட்டினால் 525 கலோரி. ஒரு நாளைக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு இது நாலில் ஒரு பங்குக்கும் மேல். 60 கிலோ எடையுள்ள ஒருவர் இதைச் செலவழிக்க இரண்டரை மணி நேரம் நடக்க வேண்டியிருக்கும்.

வேர்க்கடலை, மாலை வேளையின் பஜ்ஜிக்கும் மிக்சருக்கும் மாற்றாக வந்திருந்தால் அது இலாபம். பஜ்ஜி இருந்த இடத்திலேயே இருக்க, வேர்க்கடலை அதற்குத் துணையாக வந்திருந்தால் அது கூடுதல் சுமை. பேரீச்சம்பழம், காப்பியில் போடும் சர்க்கரைக்கு மாற்றாக வந்ததா, அல்லது சர்க்கரையோடு கூட வந்ததா? நெய், வேறொரு கொழுப்பைக் குறைத்துவிட்டு வந்ததா, அல்லது தாளிப்பு எண்ணெய் அப்படியே இருக்க மேலாக வந்ததா? பல வீடுகளில் நல்ல உணவு வந்திருக்கிறது. ஆனால் முன்பிருந்த எதுவும் விடைபெறவில்லை. எடை கூடுவதற்கு இதுவே முதற்காரணம் என்பது நம் கருத்து.

இந்தக் கருத்துக்கு மிகப் பெரிய சான்று சிறுதானியங்களின் கதையில் இருக்கிறது. இந்தியாவின் முன்மொழிவை ஏற்று ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் தில்லியில் கூடிய ஜி-20 தலைவர்களின் விருந்திலும் சிறுதானிய உணவுகள் இடம்பெற்றன. சிறுதானியங்களின் பெருமை மிகையன்று. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணைப்படி, 100 கிராம் கேழ்வரகில் சுமார் 11 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. தீட்டிய பச்சரிசியில் 3 கிராம்கூட இல்லை. கால்சியத்திலோ கேழ்வரகுக்கு இணையான தானியம் இல்லை. ஆனால் அதே அட்டவணையில் கலோரியைப் பாருங்கள். 100 கிராம் அரிசியில் 356, கம்பில் 348, சோளத்தில் 334, கேழ்வரகில் 321. அரிசிக்கும் கேழ்வரகுக்கும் உள்ள வேறுபாடு பத்தில் ஒரு பங்குதான். மூன்று அரிசித் தோசை உண்டவர், கேழ்வரகுத் தோசை நல்லது என்று நான்கு உண்டால் அந்த வேறுபாடு அப்போதே மறைந்துபோகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இணைந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் உணவு பற்றிய முடிவுகள் 2025 செப்டம்பரில் வெளிவந்தன. இந்தியர்கள் பெறும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று அந்த ஆய்வு கண்டது. தீட்டிய அரிசிக்கும் மைதாவுக்கும் பதிலாக முழுக்கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைத்தால் மட்டும் நீரிழிவு, வயிற்றுப் பருமன் ஆகியவற்றின் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தின் மொத்த அளவில் ஒரு பகுதியைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால், தயிர் போன்றவற்றின் புரதத்தை வைத்தபோது நீரிழிவின் அபாயம் குறைவாக இருந்தது. தானியத்தின் பெயர் மாறினால் போதாது, தட்டில் தானியத்தின் பங்கு மாற வேண்டும் என்பதே இதன் பொருள்.

மறுதரப்பின் நியாயம்

இயற்கை உணவு வயிற்றை விரைவில் நிரப்பிவிடும். எனவே அதை அளவுக்கு மீறி உண்ண முடியாது என்று வாதிடுவோர் உண்டு. இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது என்பதை மறுக்கலாகாது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் மருத்துவமனையில் 20 பேரை நான்கு வாரங்கள் தங்கவைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவும், இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் அவர்களுக்குப் பரிமாறப்பட்டன. வேண்டிய அளவு உண்ணலாம். பரிமாறிய உணவில் இருந்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து ஆகியவை இரண்டு முறையிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். இரண்டு வாரத்தில் 0.9 கிலோ எடை கூடினார்கள். பதப்படுத்தாத உணவு உண்ட நாட்களில் ஏறக்குறைய அதே அளவு குறைந்தார்கள்.

எனவே, இயற்கை உணவுக்கு மாறுவது எடையைக் கட்டுப்படுத்த உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஆய்வில் பதப்படுத்தாத உணவு வந்தபோது பதப்படுத்திய உணவு முற்றிலும் விலகியது என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே நடந்தது மாற்றுதல். நம் வீடுகளில் நடப்பதோ பெரும்பாலும் சேர்த்தல்.

இன்னொரு செய்தியும் உண்டு. உணவு முழுமையான வடிவில் இருக்கும்வரைதான் அது வயிற்றை நிறைக்கும் காவலனாக இருக்கிறது. 1977-இல் இங்கிலாந்தில் நடந்த ஓர் எளிய ஆய்வில் ஆப்பிளை முழுப்பழமாகவும், மசித்தும், சாறாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். முழுப்பழம் உண்ண ஆன நேரத்தில் பதினொன்றில் ஒரு பங்கு நேரத்திலேயே சாறு உள்ளே போயிற்று. பசி தணிந்த உணர்வும் முழுப்பழத்தில்தான் அதிகமாக இருந்தது. பாதாமைப் பற்றி அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட முடிவும் சுவையானது. 28 கிராம் முழுப் பாதாமில் ஏறக்குறைய 170 கலோரி இருப்பதாக ஏட்டுக் கணக்கு சொல்கிறது. உடல் உண்மையில் பெற்றுக்கொண்டது 129 கலோரிதான். பருப்பின் உறுதியான செல் சுவர்களுக்குள் கொழுப்பின் ஒரு பகுதி சிக்கிக்கொண்டு செரிக்காமலே வெளியேறிவிடுகிறது.

நம் சமையலறையில் அந்தப் பாதாம் என்ன ஆகிறது? பல நேரங்களில் ஊறவைத்து அரைத்துப் பாலில் கலக்கப்படுகிறது. கேழ்வரகு நைசாகத் திரிக்கப்பட்டு, வெல்லம் சேர்ந்து, கஞ்சியாகக் குடிக்கப்படுகிறது. தினை முறுக்காகி எண்ணெயில் பொரிகிறது. பேரீச்சம்பழமும் முந்திரியும் நெய்யில் வதங்கி “சர்க்கரை சேர்க்காத லட்டு” ஆகின்றன. கேரட் நல்லதுதான், தில்லிக் குளிர்காலத்தில் அது பாலும் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்து அல்வாவாகும்போது கேரட்டின் பெயர் மட்டுமே மிஞ்சுகிறது. வெல்லத்துக்கும் இதே கதைதான். 100 கிராம் சர்க்கரையில் 400-ஐ ஒட்டிய கலோரி என்றால், வெல்லத்தில் 350-ஐ ஒட்டிய கலோரி. வெல்லத்தில் சிறிது இரும்பும் பிற தாதுக்களும் உண்டு. அதற்காகச் சர்க்கரைப் பொங்கலில் இரண்டு அச்சு கூடுதலாகப் போடும் உரிமை நமக்குக் கிடைத்துவிடவில்லை.

கடைக்காரரும் இந்த இடத்தில்தான் நம்மைப் பிடித்துக்கொள்கிறார். நம் நாட்டு உணவுச் சட்டத்தில் “ஆரோக்கிய பானம்” என்ற சொல்லுக்கு வரையறையே இல்லை. இதைச் சுட்டிக்காட்டி, இணைய வணிகத் தளங்கள் அந்தத் தலைப்பின்கீழ்ப் பானங்களை விற்கக் கூடாது என்று மத்திய வர்த்தகத் துறை 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், அடர்சாற்றில் நீர் கலந்து செய்யும் பழச்சாறுகளின் உறையில் “100 சதவீதப் பழச்சாறு” என்று அச்சிடுவதை நீக்குமாறு தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் ஆணையிட்டது. உறையின் முன்பக்கத்தில் உள்ள பெரிய எழுத்தைவிடப் பின்பக்கத்தில் உள்ள சிறிய எழுத்தே வாசிக்கத் தக்கது.

வரவும் செலவும்

எடையில் வரவுக்கு ஈடாகச் செலவும் கவனத்துக்குரியது. தில்லி வாழ்க்கையில் செலவுப் பக்கம் ஆண்டின் பாதி நாட்கள் மெலிந்தே இருக்கிறது. மே, ஜூன் மாதங்களில் வெயில் கதவடைக்க வைக்கிறது. நவம்பர் முதல் ஜனவரி வரை புகைமூட்டம் காலை நடையைத் தடுக்கிறது. அதே குளிர்காலத்தில்தான் வேர்க்கடலையும் கஜக்கும் கோந்து லட்டும் பஞ்சீரியும் நெய் சொட்டும் பராத்தாவும் நகரெங்கும் மணக்கின்றன. வயலில் உழைத்த பஞ்சாபிய உழவருக்கு அந்த உணவு பொருத்தமாக இருந்தது. கணினி முன் எட்டு மணி நேரம் அமர்ந்து, மெட்ரோ நிலையத்தில் மின்படியேறி, வீட்டுக்கு வந்து மறுபடி அமர்பவருக்கு அதே அளவு எப்படிப் பொருந்தும்?

வங்கியோடு பழகிய நமக்குப் பற்று வரவுக் கணக்கு எளிதில் புரியும். ஆனால் உடலின் கணக்கு வங்கிக் கணக்கைப் போலப் பைசா பிசகாமல் நேராவதில்லை. நாளொன்றுக்கு 100 கலோரி கூடுதலாக உண்டால், ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்ற வாய்பாட்டின்படி ஓராண்டில் ஏறக்குறைய ஐந்து கிலோ ஏற வேண்டும். பத்தாண்டில் ஐம்பது கிலோ ஏற வேண்டும். நடைமுறையில் அப்படி நிகழ்வதில்லை. எடை கூடக்கூட அந்த உடலைச் சுமக்கவும் இயக்கவும் ஆகும் செலவும் கூடுவதால், ஓரிடத்தில் ஏற்றம் நின்றுவிடுகிறது. நாளொன்றுக்கு 100 கலோரி நிலையாகக் கூடினால், சில ஆண்டுகளில் மொத்தம் நான்கைந்து கிலோ ஏறி நிற்கும். அதில் பாதி முதல் ஆண்டிலேயே ஏறிவிடும் என்று 2011-இல் வெளியான கணக்கீடு ஒன்று மதிப்பிட்டது. 100 கலோரி என்பது ஒரு வாழைப்பழம், அல்லது இரண்டு தேக்கரண்டி நெய்யும் சற்று மேலும். இதைப் படித்து வாழைப்பழத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. சிறிய அளவும் நாள்தோறும் தொடர்ந்தால் காலப்போக்கில் உருவம் பெறுகிறது என்பதை உணர்ந்தால் போதும். அதே சிறிய அளவைக் குறைத்தாலும் பலன் அவ்வாறே மெல்ல வந்து சேரும்.

இந்தக் கணக்கைக் கொண்டு எவரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நம் நோக்கமன்று. தைராய்டு சுரப்புக் குறைவு, சினைப்பை நீர்க்கட்டி, சில மனநல மருந்துகள், ஸ்டீராய்டு, இன்சுலின், தூக்கக் குறைவு ஆகியவையும் எடையை ஏற்றக்கூடும். அளவறிந்து உண்டும் காரணமின்றி எடை ஏறுபவர் மருத்துவரைக் காண்பதே முறை. பக்கத்து வீட்டாரின் அறிவுரை அதற்கு ஈடாகாது. அதேபோல், எடை கூடுவது எல்லோருக்கும் தீமையன்று. நாம் குறிப்பிட்ட அதே தேசியக் கணக்கெடுப்பில், நாட்டுப் பெண்களில் 18.7 சதவீதத்தினர் இயல்பைவிடக் குறைந்த குறியீட்டெண் கொண்டவர்கள். வளரும் குழந்தைக்கும், மெலிந்த தாய்க்கும், நோயிலிருந்து மீளும் முதியவருக்கும் நெய்யும் கடலையும் பாலும் தாராளமாகத் தேவைப்படலாம். ஒரே வீட்டில் ஒரே பண்டம் ஒருவருக்கு மருந்தாகவும் மற்றொருவருக்கு மிகையாகவும் இருக்கக்கூடும்.

செய்யத்தக்கவை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின்கீழ் ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதத்தில் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதலைப் புதுப்பித்து வெளியிட்டது. நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படுபவருக்கு அது காட்டும் அளவுகள், சமைக்கும்முன் எடுத்த எடையில், இவை: தானியம் 250 கிராம், பருப்பு, பயறு 85 கிராம், கீரையும் காய்கறியும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லிலிட்டர், கொட்டைகளும் எண்ணெய் விதைகளும் 35 கிராம், எண்ணெய், நெய் முதலியவை 27 கிராம். இந்தப் பட்டியலில் எந்த நல்ல பொருளுக்கும் தடையில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. சட்னிக்கு அரைக்கும் கடலையும், பொடியில் சேரும் எள்ளும், மாலையில் கொறிக்கும் பாதாமும் அந்த 35 கிராமுக்குள்தான் அடங்க வேண்டும்.

எண்ணெயில் தொடங்குவது எளிது. ஏனெனில் அதை மாதக் கணக்கில் அளக்கலாம். நாளுக்கு 27 கிராம் என்றால், நால்வர் கொண்ட குடும்பத்துக்கு நெய் உட்பட மாதம் சுமார் மூன்றரை லிட்டர் ஆகிறது. இந்தியாவில் சமையல் எண்ணெயின் தலா நுகர்வு ஆண்டுக்கு 19.7 கிலோவை எட்டிவிட்டதாக நிதி ஆயோக் 2024-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அது நாளுக்கு 54 கிராம், அதாவது வழிகாட்டுதலைப்போல் இரு மடங்கு. மரச்செக்கு எண்ணெய்க்குக் கூடுதல் விலை தருவோர் அதன் அளவைப் பாதியாக்கினால் பணமும் மிச்சம், உடலுக்கும் நலம். மளிகைப் பட்டியலில் மாதந்தோறும் வாங்கிய எண்ணெயையும் நெய்யையும் ஒரு வரியில் குறித்துவைத்தாலே பல வீடுகளுக்குத் தங்கள் கணக்கு விளங்கிவிடும்.

அடுத்தது தட்டின் அமைப்பு. சாதத்தை வைத்துவிட்டு அதற்குத் தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் கறி என்பது நம் வழக்கம். கறியும் கூட்டும் கீரையும் முதலில் தட்டின் பாதியை நிரப்பட்டும். பருப்போ சுண்டலோ தயிரோ பனீரோ முட்டையோ மீனோ கால்பகுதியை எடுத்துக்கொள்ளட்டும். மீதியில் சாதமோ சப்பாத்தியோ கேழ்வரகுக் களியோ அமையட்டும். பழத்தைக் கடித்தும் கொட்டைகளை மென்றும் உண்போம். புதிதாக ஒரு நல்ல பொருளை வாங்கும் நாளில், அதற்கு ஈடாக எது நிற்கப்போகிறது என்பதையும் அன்றே முடிவு செய்வோம்.

மூன்றாவது, பரிமாறும் முறை. நம் வீடுகளில் அன்பு பெரும்பாலும் கரண்டி வழியாகவே வெளிப்படுகிறது. “நல்லதுதானே, இன்னொன்று போட்டுக்கொள்” என்ற சொல்லுக்கு மறுப்புச் சொல்வது கடினம். சமைப்பவருக்கும் மனம் வருந்தும். அந்த வீட்டில் எடை கூடினால் சமைத்த பெண்மீதே பழியும் விழுகிறது. அளவை முடிவு செய்யும் பொறுப்பைச் சமைப்பவரிடமிருந்து நீக்கி, உண்பவரே தாமாக எடுத்துப் போட்டுக்கொள்ளும் வழக்கம் வந்தால் இந்த இரு சங்கடங்களும் தீரும்.

திருக்குறளின் 95-ஆம் அதிகாரத்துக்கு வள்ளுவர் இட்ட பெயர் “மருந்து”. ஆனால் அதில் மூலிகையின் பெயரோ தானியத்தின் பெயரோ ஒன்றுகூட இல்லை. முன்பு உண்டது செரித்ததா, உடலுக்கு ஒத்துப்போகிறதா, பசிக்கிறதா, அளவு எவ்வளவு என்பவையே அங்கே பேசப்படுகின்றன. கேழ்வரகையும் கம்பையும் நெய்யையும் நன்கறிந்த ஒரு சமுதாயத்துக்கு அவர் சொல்ல நினைத்தது பொருள்களின் பட்டியலை அன்று என்பது சிந்திக்கத்தக்கது.

நல்ல உணவின்மீது நமக்குள்ள நம்பிக்கையை இழக்க வேண்டியதில்லை. மரச்செக்கு எண்ணெயும் சிறுதானியமும் பாதாமும் நம் அலமாரிகளில் தொடர்ந்து இருக்கட்டும். அடுத்த மாத மளிகைப் பட்டியலை எழுதும்போது, புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே, அது யாருடைய இடத்தை எடுத்துக்கொள்கிறது என்று ஒரு சொல் எழுதிவைப்போம். எழுத எதுவும் தோன்றவில்லையென்றால், அந்தப் பொருளை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்.